மருதமலை பஸ்ஸில் இரண்டாம் ஆண்டு

செப்டம்பர் 6, திங்கள்

கல்லூரியைத் திறந்துவிட்டார்கள். நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகப் போகிறது, உள்ளே கால் வைத்தது இன்றுதான். முதலாம் ஆண்டு வேதியியல் முழுவதையும் வீட்டில், கிரைண்டர் அறையில் உட்கார்ந்து கைப்பேசியில் படித்து முடித்தேன். அம்மா இட்லி மாவு விற்கிறாள். ஊரடங்கில் ஆரம்பித்தது. இப்போது கணபதியில் எங்கள் தெரு மட்டுமல்ல, பின்தெருவும் எங்களிடம்தான் வாங்குகிறது. ஒரு காதில் வகுப்பும் ஒரு காதில் கிரைண்டரும் ஓடும். கை மாவைப் பையில் கட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டிலிருந்து காந்திபுரத்துக்கு ஒரு பஸ். அங்கிருந்து மருதமலை பஸ். கல்லூரி வடவள்ளியைத் தாண்டி ரோட்டை ஒட்டியே இருக்கிறது. எங்கள் வகுப்பு மாடியில். ஜன்னலுக்குக் கீழேயே பஸ் நிறுத்தம்.

எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். ஒரு வருடமாகத் தெரிந்த பெயர்கள்தான். எந்தப் பெயர் எந்தக் கண்ணுக்கு உரியது என்று தெரியவில்லை. ஷிஃபானா வரவில்லை. அவள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சலாம், அடுத்த வாரம்தான் வருவாள்.

அமுதவல்லி மேம் பெயர் வாசித்தார். "கௌசிகா." பிரசன்ட் மேம் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. கையைத் தூக்கினேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"மியூட்டுல இருக்கியாம்மா? அன்மியூட் பண்ணு," என்றார் மேம். சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

பெண்கள் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. கடைசி அறையின் கதவில் உள்பக்கம் யாரோ பென்சிலால் மயில் வரைந்திருக்கிறார்கள். தோகையில் இருக்கிற கண்ணுக்கெல்லாம் இமைமுடி போட்டிருக்கிறார்கள். பொறுமையான வேலை. சாப்பாட்டு பெல் அடித்தது. பிறகு அதற்கடுத்த பெல்லும் அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "எப்புடிக் கண்ணு இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா."

டிபன் பாக்ஸ் கனமாக இருப்பதை அவள் பார்ப்பதற்குள் கழுவி வைத்தேன்.

செப்டம்பர் 7, செவ்வாய்

கல்லூரி நிறுத்தத்தில் படிக்கட்டில் கூட்டம். இறங்க முடியவில்லை. அடிவாரம் வரை போய்விட்டேன். மலைக்குக் கீழே அதுதான் கடைசி நிறுத்தம். அதே பஸ் திரும்பி வந்தபோது கூட்டமே இல்லை. ஆனால் வகுப்பு ஆரம்பித்து வெகுநேரம் ஆகிவிட்டது. பாதியில் நுழைவது மரியாதையில்லை.

செப்டம்பர் 8, புதன்

இன்றும் அப்படியே.

வகுப்புக்கு வர முடியாதவர்களுக்காக மேசையில் ஒரு லேப்டாப்பை வைத்து ஆன்லைனிலும் நடத்துகிறார்கள். தீபாவளி வரைதான் இந்த ஏற்பாடு. எனக்கு இரண்டாவது ஊசி இன்னும் போடவில்லை என்று மேமுக்கு எழுதினேன். போடவில்லைதான். 'அப்போ ஆன்லைன்ல வாம்மா' என்று பதில் வந்தது. வீட்டில் சொல்லவில்லை. சொல்லுகிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஏறி உட்கார்ந்தால் கண்டக்டர் ஒரு வெற்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். காந்திபுரம் திரும்பி, அடுத்த பஸ்ஸில் ஏறினேன். லாலி ரோடு சிக்னலில் இணைப்பு நன்றாகக் கிடைக்கிறது. மலையை நெருங்க நெருங்க மேமின் குரல் நீரில் மூழ்கியது போல் ஆகிறது. அடிவாரத்தில் இறங்கி, சாப்பிட்டு, மறுபடி ஏறினேன். மீதி வகுப்பையெல்லாம் கேட்டேன்.

செப்டம்பர் 10, வெள்ளி

பிள்ளையார் சதுர்த்தி. விடுமுறை. கொழுக்கட்டை மாவுக்கு வாசலில் வரிசை. அம்மாவுக்கு நான் கூட இருந்ததில் சந்தோஷம்.

செப்டம்பர் 13, திங்கள்

ஷிஃபானா இன்று கல்லூரிக்கு வந்துவிட்டாள். ஒரு வருடமாக நாள் முழுக்க நாங்கள் எழுதிக்கொள்கிறோம். வகுப்பு நடக்கும்போது மேமைப் பற்றி, பரீட்சையில் பாடத்தைப் பற்றி, மற்ற நேரத்தில் எல்லாவற்றையும் பற்றி. எழுதச் சோம்பலாக இருந்தால் குரல் பதிவு அனுப்புவாள். உக்கடத்தில் வீடு. நேரில் பார்த்ததில்லை, போட்டோவும் அனுப்பிக்கொண்டதில்லை.

'ஏய் எங்கடி இருக்க? ரெண்டாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம். பக்கத்துல என் பையை வெச்சு எடம் புடிச்சிருக்கேன்.'

'எனக்கு இன்னும் ஊசி போடல. ஆன்லைன்லதான்.'

'எப்ப போடுவ?'

'சீக்கிரம்.'

இதை எழுதும்போது பஸ் கல்லூரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செப்டம்பர் 17, வெள்ளி

கோவில்கள் வெள்ளி, சனி, ஞாயிறு மூடல். அதனால் வெள்ளிக்கிழமை பஸ் காலியாக ஓடுகிறது. வகுப்பைக் கவனிக்க நல்லது. அடிவாரத்தில் மட்டும் குரங்குகள் பசியோடு இருக்கின்றன. தேங்காய் பழம் கொடுக்க ஆளில்லை. ஒன்று என் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறி, முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டது. நெளிந்துவிட்டது. பஸ்ஸில் விழுந்தது என்று அம்மாவிடம் சொன்னேன்.

செப்டம்பர் 22, புதன்

இந்தத் தடத்தில் பெரும்பாலும் ஒரே கண்டக்டர்தான் வருகிறார். நாச்சிமுத்து என்று டிரைவர் கூப்பிடுகிறார். நிறுத்தத்தின் பெயரை அவர் சொன்னால் அடுத்த நிறுத்தத்துக்கே கேட்கும்.

இன்று மதியம் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றார். "ஏம்மிணி, காத்தால அடிவாரம் போனே. இப்பவும் அடிவாரமா?"

"ஆமாங்க."

"சாமி உன்னையக் கூப்புட்டுக்கிட்டே இருக்குதாக்கும்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினாலும் முன் இருக்கை வரை கேட்டது. "நானும் ரெண்டு பொட்டப்புள்ளையப் பெத்தவன். எவனாச்சும் வரச் சொல்லி அலைய வெக்கறானா? இருந்தாச் சொல்லு."

"கிளாஸ் கவனிக்கிறேனுங்க." கைப்பேசியைக் காட்டினேன். திரையில் பென்சீன் வளையம் இருந்தது.

குனிந்து பார்த்தார். "பஸ்ஸுல எதுக்குக் கவனிக்கிறே?"

"வீட்டுல நெட் கெடைக்காதுங்க."

நம்பினாரா என்று தெரியவில்லை. டிக்கெட் கொடுத்தார்.

செப்டம்பர் 29, புதன்

ஷிஃபானா: 'ஊசி போட்டாச்சா?'

போட்டாகிவிட்டது. சனிக்கிழமையே. கை வலித்தது, காய்ச்சல் இல்லை.

'இன்னும் இல்ல. ஸ்டாக் இல்லையாம்,' என்று எழுதினேன்.

சாயங்காலம்தான் பதில் வந்தது. 'சரி' என்று மட்டும்.

அக்டோபர் 5, செவ்வாய்

மாவுப் பை கட்டும்போது அம்மா என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கை மட்டும் ஏன் இப்புடிக் கறுத்துக் கெடக்குது?"

"கிளாஸ்ல ஜன்னல் ஓரம் உட்காருறேம்மா."

"ஒரு நாளாச்சும் எடத்த மாத்தி உட்கார்றது."

சரி என்றேன். நாளையிலிருந்து முழுக்கைச் சட்டை.

அக்டோபர் 7, வியாழன்

மழை. பஸ் ஒழுகுகிறது. கேட்ட வகுப்பு எதுவும் தலையில் ஏறவில்லை.

அக்டோபர் 12, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கரிம வேதியியல். மேம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு மூலக்கூறில் இருக்கும் ஒரு தொகுதியை இன்னொன்று தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறது. அது எந்தப் பக்கமாக வரும், ஏன். வகுப்பில் யாரும் சொல்லவில்லை. நான் எழுத்தில் பதில் போட்டேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

"கரெக்ட். கௌசிகா, மைக்க ஆன் பண்ணி எல்லாருக்கும் விளக்கிச் சொல்லும்மா. அவங்களுக்கு நான் சொன்னாப் புரியல."

பஸ் அப்போது வடவள்ளியில் பாதி காலியாக நின்றுகொண்டிருந்தது. சத்தம் இல்லை. மைக்கைப் போட்டேன். முதல் இரண்டு வார்த்தைக்குப் பிறகு குரல் நன்றாகவே வந்தது. முன்பக்கம் வெளியேறுகிற தொகுதி நின்றுகொண்டிருக்கிறது, அதனால் வருவது பின்பக்கமாகத்தான் நுழைய முடியும், அது நுழைகிற வேகத்தில் மூலக்கூறே காற்றில் திருப்பிக்கொள்ளும் குடை மாதிரி மறுபக்கம் திரும்பிவிடும் என்றேன். சொல்லிக்கொண்டே இருந்ததில் பஸ் கிளம்பியதைக் கவனிக்கவில்லை. நான் விளக்கியது அவர்களுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். எனக்கும்.

"காலேஜ் ஸ்டாப்பு! காலேஜெல்லாம் எறங்கு! சீக்கிரம் சீக்கிரம்!"

நாச்சிமுத்து என் தலைக்கு மேலேதான் நின்றிருந்தார். அந்தக் குரல் என் கைப்பேசி வழியாக வகுப்பு லேப்டாப்பில் போய், அங்கிருந்து என் காதுக்கே திரும்பி வந்தது. ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு ஒரு பையனின் குரல்: "மேம், அந்த பஸ் கீழதான் மேம் நிக்குது!"

நாற்காலிகள் நகரும் சத்தம். சிரிப்பு. மேம், "கௌசிகா, நீ எங்கம்மா இருக்க?" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். மாடி ஜன்னல்களில் தலைகள். எல்லாம் முகக்கவசம் போட்ட தலைகள். யார் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு பச்சைத் தலைத்துணி மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது.

கைப்பேசியை அணைத்தேன். பஸ் கிளம்பியது. அடிவாரத்தில் இறங்கவில்லை. காந்திபுரத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். பதினோரு மணிக்கே வந்துவிட்டாயே என்றாள் அம்மா. தலைவலி என்றேன். அது உண்மைதான்.

அக்டோபர் 13, புதன்

மேம் அப்பாவுக்கு போன் செய்துவிட்டார். அப்பா ஃபவுண்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். சாயங்காலம் வந்து, கைகால் கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"அந்த டீச்சரம்மா கூப்புட்டாங்க. நீ ஒரு நாளுமே போகலையாமா?"

"ஒரு நாள் போனேனுங்கப்பா."

"அப்பறம் தெனமும் எங்க போனே?"

"பஸ்ஸுல இருந்தேன்."

"பஸ்ஸுல?"

"ஆமாங்கப்பா."

அவர் அம்மாவைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "யாராச்சும் ஏதாச்சும் பண்ணாங்களா? கேலி கீலி?"

"இல்லீங்க."

"அப்பறம் என்ன?"

அம்மாதான் பேசினாள்.

"விடுங்க. புடிக்காட்டி இருந்துட்டுப் போகுது. எல்லாப் புள்ளைகளும் படிச்சுத்தான் ஆகோணும்னு என்ன இருக்குது? இங்க வேலைக்கு ஆளில்லாம நான் தவிக்கிறேன். வீட்டோட இருக்கட்டும். அஞ்சல்ல வேணும்னாப் படிச்சுக்கிட்டுமே."

அப்பா யோசித்தார். "அதுவுஞ் சரிதான்," என்றார்.

அவ்வளவு சுலபமாக முடிந்தது.

அக்டோபர் 14, வியாழன்

ஆயுத பூஜை. கிரைண்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஃபவுண்டரியில் பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது.

அக்டோபர் 17, ஞாயிறு

நன்றாகத் தூங்குகிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன். அரிசி ஊறப்போடுவது, உளுந்து களைவது, பை கட்டுவது, வாசலுக்கு வருபவர்களுக்குக் கொடுப்பது. வருபவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: புளிச்சதா, புதுசா? இதற்கு என் குரல் போதும்.

இன்னொரு பெரிய கிரைண்டர் வாங்கப் போகிறாள் அம்மா. ஆவாரம்பாளையத்தில் ஒரு கடையில் சொல்லி வைத்துவிட்டாள். அது வந்தால் ஹோட்டல்களுக்கும் போடலாமாம். "கௌசி கூட இருக்கறப்ப எனக்கென்ன?" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கைப்பேசியை இன்னும் போடவில்லை.

அக்டோபர் 20, புதன்

மிலாடி நபி. அரசு விடுமுறை என்பது காலண்டரைப் பார்த்துத்தான் தெரிந்தது. எனக்கு இப்போது எல்லா நாளும் ஒன்றுதான்.

மதியம் வாசலில் ஒரு பெண். பச்சைத் தலைத்துணி, என்னைப் போலவே முகக்கவசம். கையில் எவர்சில்வர் தூக்கு. நான் நினைத்ததைவிடக் குள்ளம் என்று பிறகுதான் தோன்றியது. அப்போது யாரென்றே தெரியவில்லை.

"இட்லி மாவு இருக்கா? ஒரு கிலோ."

கரண்டியை மாவுக்குள் விட்டேன். எடுக்கவில்லை. அந்தக் குரலை ஒரு வருடமாகக் காதில் வைத்திருக்கிறேன். 'ரெண்டு நிமிஷம்தான் பேசுவேன்' என்று ஆரம்பித்துப் பதினைந்து நிமிடம் போகும் குரல்.

"ஷிஃபானா."

"ஆமா. ஊத்து, ஊத்து. ஒரு கிலோ."

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கணபதி, மாவு விக்கிறவங்க வீடுன்னு நீதானே சொல்லியிருக்க. பஸ் ஸ்டாப்புலயிருந்து நாலு மாவுக் கடை. இது நாலாவது. மூணு கடைலயும் அரை அரைக் கிலோ வாங்கிட்டேன். எங்கம்மா என்னை வெட்டப் போறாங்க." தூக்கைத் தூக்கிக் காட்டினாள். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"ஊசி ஸ்டாக் இல்லைன்னியே."

கரண்டியை மாவுக்குள்ளேயே சுற்றினேன்.

"தெனமும் அந்த பஸ்ஸுல போயிட்டு வந்துட்டு இருந்திருக்க. நான் மேல உட்காந்துட்டு இருந்தேன். என் ஜன்னலுக்குக் கீழதான் அந்த பஸ் நிக்கும். ஹாரன் அடிச்சா எட்டிப் பாப்பேன். இந்த பஸ்ல கௌசி வந்திருப்பாளான்னு."

"என்னால எறங்க முடியல."

"பயமா?"

இல்லை என்றேன்.

"எனக்குப் பயம்," என்றாள் அவள். குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே கிரைண்டர் பக்கத்தில் அம்மா திரும்பிப் பார்த்தாள். "அங்க எல்லாரும் ஸ்கூல்லயிருந்தே தெரிஞ்சவங்க. முதல் வாரமே செட்டு சேந்துட்டாங்க. எனக்கு யாரத் தெரியும்? உன்ன மட்டும்தான். நீ வருவ வருவன்னு பக்கத்துல பைய வெச்சு எடம் புடிச்சேன். வந்து உக்காரலாமான்னு ரெண்டு பேர் கேட்டாங்க. இல்ல, ஆள் இருக்குன்னு சொன்னேன். அதுக்கப்பறம் யாரும் கேக்கல. மத்தியானம் எங்க சாப்பிடுறேன் தெரியுமா? லேபுக்குப் பின்னாடி சிலிண்டர் வெக்கிற எடத்துல. தனியா. உனக்கு மட்டும்தான் பயம்னு நெனச்சியா?"

தெருவில் ஒரு ஆட்டோ போனது. போகும் வரை நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"திங்கக்கிழமை மாடல் பிராக்டிகல். ரெண்டு ரெண்டு பேராச் செய்யணும். நான் உன் பேரக் குடுத்திருக்கேன். நீ வரலைன்னா வேற யார்கூடயாச்சும் போடுவாங்க. அதுக்காகச் செத்துற மாட்டேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன், அவ்ளோதான்."

மாவை ஊற்றினேன். அம்மா வந்து காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உள்ளே வந்து ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். இன்னொரு நாள் வர்றேங்கம்மா என்றாள் ஷிஃபானா. தெருமுனை வரை தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், மெல்ல நடந்து போனாள்.

"யாரு கண்ணு அந்தப் புள்ள?"

"எங்கூடப் படிக்கிற புள்ளம்மா."

அம்மா கிரைண்டரைப் போடப் போனாள்.

அக்டோபர் 22, வெள்ளி

கைப்பேசியைப் போட்டேன். ஷிஃபானாவிடமிருந்து 12ஆம் தேதி முழுவதும் வந்த செய்திகள். கடைசிச் செய்தி: 'நீ சொன்ன பதில் எல்லாருக்கும் புரிஞ்சிருச்சுடி. மேம் அதையே போர்டுல வரைஞ்சாங்க. குடையோட.'

அக்டோபர் 24, ஞாயிறு

வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டேன். அம்மா பார்த்தாள்.

"நாளைக்குப் போறியா?"

"பிராக்டிகல் மட்டும் செஞ்சுட்டு வந்துர்றேம்மா."

"போகாட்டியும் ஒண்ணுமில்ல கண்ணு. யாரும் எதுவும் சொல்லப் போறதில்ல."

அது எனக்கும் தெரியும்.

அக்டோபர் 25, திங்கள்

பஸ்ஸில் நாச்சிமுத்து. "எங்கம்மிணி ரொம்ப நாளாக் காணோம்? அடிவாரமா?" என்றார்.

"காலேஜ் ஸ்டாப்புங்க."

அவர் என்னைப் பார்த்தார். நிறுத்தம் வந்தபோது அவர் கத்தவில்லை. விசிலை ஒருமுறை ஊதி, கதவுப் பக்கம் நின்றிருந்தவர்களைக் கையால் ஒதுக்கி, காத்திருந்தார். நான் எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். பின்னாலிருந்து யாரோ, "ஏங்க, எடுக்கச் சொல்லுங்க வண்டிய," என்றார்கள். "இருங்க, ஆளு எறங்குது," என்றார் நாச்சிமுத்து. இறங்கிவிட்டேன்.

ஷிஃபானா கேட்டில் நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நடந்தாள். படிக்கட்டில் இரண்டு பையன்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "காலேஜ் ஸ்டாப்பு!" என்றான் நாச்சிமுத்துவின் குரலில். நன்றாகவே செய்தான். ஷிஃபானா நின்று, "போடா," என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் படி ஏறினாள்.

ஆய்வகத்தில் எல்லோருக்கும் பர்மாங்கனேட் தரம்பார்த்தல். கூம்புக் குடுவையில் ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்கி, மேலே ப்யூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழலிலிருந்து பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுகிற ஊதா நிறம் மறைந்துகொண்டே இருக்கும். மறையாமல் நிற்கிற முதல் ரோஜா நிறத்தில் நிறுத்த வேண்டும். ஒரு வருடம் வீடியோவில் பார்த்திருக்கிறேன். அதில் வாசனை இல்லை, சூடு இல்லை, முதுகுக்குப் பின்னால் ஆட்கள் இல்லை.

ப்யூரெட்டை நிரப்பும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. காதுக்குள் ஒரு இரைச்சல். முகக்கவசத்துக்குள் மூச்சு போதவில்லை. புனலை ஷிஃபானாவிடம் கொடுத்துவிட்டு, தொட்டி வரை போய், வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்ட எல்லாம். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஓடியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஒரு பெண், பெயர் தெரியாது, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

அமுதவல்லி மேம் வந்து என் நெற்றியில் கை வைத்தார். "காய்ச்சல் இல்ல. வீட்டுக்குப் போறியாம்மா? அப்பாவ வரச் சொல்லட்டுமா? இன்னொரு நாள் செஞ்சுக்கலாம்."

அவர் உண்மையாகத்தான் கேட்டார். தலையாட்டினால் போதும். கதவு திறந்துதான் இருந்தது. கீழே ஒரு பஸ் வந்து நிற்கும் சத்தமும் கேட்டது.

"இல்லீங்க மேம். முடிச்சிட்டுப் போறேன்."

கேட்டது அவருக்கு. "சரி. மெதுவாச் செய்," என்றார்.

முதல் முறை அதிகமாக விட்டுவிட்டோம். குடுவை முழுக்கக் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. இரண்டாவது முறை ஷிஃபானா குடுவையைச் சுழற்றினாள், நான் குழாயைத் திருகினேன். ஊதா விழுந்தது, மறைந்தது. விழுந்தது, மறைந்தது. "நிறுத்து நிறுத்து நிறுத்து," என்றாள். நிறுத்தினேன். ரோஜா நின்றது. மூன்றாவது முறையும் அதே அளவு வந்தது.

மதியம் சிலிண்டர் வைக்கிற இடத்தில் சாப்பிட்டோம். அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். மேல் பல் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறியிருக்கிறது. ஒரு வருடமாக நான் மனதில் வைத்திருந்த முகம் இதுவல்ல. அவளும் என்னை அப்படித்தான் பார்த்தாள்.

"நீ இப்படியா இருப்ப?" என்றாள்.

"எப்படி இருப்பேன்னு நெனச்சே?"

"தெரியல. கொஞ்சம் உயரமா."

மதிய வகுப்புக்கும் இருந்தேன். எதுவும் காதில் ஏறவில்லை. கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா உளுந்து தள்ளிக்கொண்டிருந்தாள். நான் பையைக் கூட இறக்கவில்லை.

"அம்மா, எனக்கு அங்க ரொம்பப் பயமா இருந்துச்சு."

"என்னது?" அம்மா கிரைண்டரை நிறுத்தினாள்.

மறுபடி சொன்னேன். வாந்தி எடுத்ததையும் சொன்னேன். முதல் நாள் கழிப்பறையில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அம்மா கையிலிருந்த மாவை வழித்துவிட்டு, முழங்கையால் என் முடியை ஒதுக்கினாள்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குச் சாமி போகோணும்? நான் என்ன வெரட்டறனா?"

"அங்க போனாப் பயமா இருக்குது. போகாம இங்கயே இருந்துருவேனோன்னு நெனச்சா அதவிடப் பயமா இருக்குதும்மா."

அம்மா குனிந்து கிரைண்டர் ஓரத்து மாவை உள்ளே தள்ளினாள். அவள் முகத்தில் இருந்தது கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. ஏமாற்றமாக இருக்கலாம். ஒரு வாரமாக அவள் வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"அப்பச் சரி," என்றாள். "அந்த ஆவாரம்பாளையத்துக் கடைக்காரருக்குப் போனப் போடு. பெரிய கிரைண்டரு இப்ப வேண்டாம்னு சொல்லிரு."

"நீ சொல்லும்மா."

"என்ற கையெல்லாம் மாவு. நீயே சொல்லு."

எண்ணைப் போட்டேன். கடைக்காரர் எடுத்தார். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "யாருங்க? ஒண்ணுமே கேக்கலீங்க," என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அக்டோபர் 26, செவ்வாய்

போனேன். மூன்றாவது வகுப்பில் கொஞ்சம் தூங்கிவிட்டேன்.